ஒலிக்குள் வரும் விருந்தாளி: ஒரு கையொப்பத்தின் வரலாறு

இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு என்று ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவோர், ஒலி எந்தப் பொருளில் தங்கியது என்பதையே பெரிதும் எழுதியிருக்கிறார்கள். அது எவற்றைக் கடந்து நம் செவிக்கு வந்தது என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. இன்று வெளியாகும் ஒரு பாடலில், பாடகரின் குரல் ஒலிவாங்கியை விட்டுப் புறப்பட்டு நம்மை வந்தடைவதற்குள் கணினியில் பல சிறு மென்பொருள்களைக் கடந்துவிடுகிறது. ஒன்று குரலின் கூர்மையைக் குறைக்கிறது. இன்னொன்று மூடிய சிற்றறையில் பாடியதைப் பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் ஆக்குகிறது. மற்றொன்று தாழ்ந்ததை உயர்த்தி, உயர்ந்ததைத் தாழ்த்திச் சமன்செய்கிறது. இவற்றை ஒலிக்கூடங்களில் ‘ப்ளக்-இன்’ என்கிறார்கள். தமிழில் ‘செருகுநிரல்’ என்ற சொல்லும் உண்டு. எனினும் தொழிலில் புழங்கும் சொல்லையே இக்கட்டுரையில் கையாள்கிறேன்.

ப்ளக்-இன் தனித்து இயங்காது. க்யூபேஸ், ப்ரோ டூல்ஸ், லாஜிக் போன்ற ஒரு தாய் மென்பொருள் அதைத் தனக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். அழைக்கப்பட்டபின் அது வாசல் திண்ணையில் நிற்பதில்லை. வழக்கமான அமைப்பில், தாய் மென்பொருளின் நினைவகத்திலேயே அதுவும் குடியிருக்கும். தாய் மென்பொருள் எந்தக் கோப்பைத் தொட முடியுமோ அந்தக் கோப்பை இதுவும் தொட முடியும். இது சரிந்தால் வீடே சரியும். அடுக்களைவரை வந்துவிடும் விருந்தாளி என்று சொல்லலாம். அப்படியானால் யாரை உள்ளே விடுவது, யார் சொல்லி விடுவது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கணினி உலகம் அதற்குக் கண்ட விடை ‘கையொப்பம்’. அந்த விடை எந்தக் கேள்விக்காக உண்டானது, பிறகு எந்தெந்தக் கேள்விகளுக்கெல்லாம் அதையே விடையாக்கினார்கள் என்பதைச் சொல்வதே இங்கே என் நோக்கம்.

*

1990களின் தொடக்கம்வரை, ஒலியைத் திருத்துபவை இரும்புப் பெட்டிகளாகவே இருந்தன. எதிரொலிக்கு ஒரு பெட்டி, சமன்செய்ய ஒரு பெட்டி என்று அவை அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவின் டிஜிடிசைன் நிறுவனம் 1991இல் ப்ரோ டூல்ஸை வெளியிட்டபோது இந்தப் பெட்டிகள் கணினிக்குள் இடம்பெயரத் தொடங்கின. ஆனால் அந்நாளையக் கணினியின் மையச் செயலிக்கு அவ்வளவு வலுவில்லை. கணக்கைச் செய்யத் தனி மின்னட்டைகள் வேண்டியிருந்தன. 1992இல் தொடங்கப்பட்ட வேவ்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் க்யூ10 சமன்செய்கருவி, இத்துறையில் வணிகமாக வந்த முதல் ப்ளக்-இன்களில் ஒன்று. அக்காலத்தில் ப்ளக்-இன் எழுதுவதென்பது மின்னட்டை நிறுவனத்தோடு உறவுள்ள சிலரால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

இதை உடைத்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். கார்ல் ஸ்டைன்பெர்க், மான்ஃப்ரெட் ரூரூப் என்ற இருவர் 1984இல் அங்கே தொடங்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம், 1996இல் ‘க்யூபேஸ் விஎஸ்டி’ என்ற மென்பொருளை மெக்கின்டோஷ் கணினிக்கு வெளியிட்டது. ‘மெய்நிகர் ஒலிக்கூடத் தொழில்நுட்பம்’ என்று அப்பெயரை விரிக்கலாம். தனி மின்னட்டை தேவையில்லை. கணினியின் செயலியே எதிரொலியையும் சமனையும் கணக்கிட்டது. அதைவிடப் பெரிய செய்தி, ப்ளக்-இன் எழுதுவதற்கான இலக்கணத்தை அந்நிறுவனம் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டதுதான். உரிம ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட எவரும் அந்தக் கருவித்தொகுப்பைக் கட்டணமின்றிப் பெறலாம். 1999இல் வந்த இரண்டாம் பதிப்பு, எதிரொலி போன்றவற்றோடு நில்லாமல் இசைக்கருவிகளையே ப்ளக்-இன் ஆக்க வழிசெய்தது.

விளைவு, ஒரு பெருவெள்ளம். பல்கலைக்கழக மாணவர்களும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்களும் இரவில் ப்ளக்-இன் எழுதினார்கள். நிறுவும் முறையோ மிக எளியது. விண்டோஸில் அது ஒரு டிஎல்எல் கோப்பு. குறிப்பிட்ட கோப்புறையில் அதைப் போட்டுவிட்டு க்யூபேஸைத் திறந்தால், அது கோப்புறையை ஒருமுறை துழாவிப் பார்த்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கான வழியே அந்த இலக்கணத்தில் இல்லை. ஓசை நன்றாக இருக்கிறதா என்பது ஒன்றே நுழைவுத் தேர்வு.

*

அதே 1996ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் வேறொன்று நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் மூன்றாம் பதிப்பை அந்த ஆகஸ்டில் வெளியிட்டது. இணையப் பக்கத்திலிருந்து ‘ஆக்டிவ்எக்ஸ்’ என்ற சிறு மென்பொருள்கள் கணினிக்குள் இறங்கி ஓட அது வழிசெய்தது. முன்பின் தெரியாத ஒருவரின் நிரலை வீட்டுக்குள் ஓடவிடுவது எப்படி? அதற்குத் துணையாக வந்ததுதான் ‘ஆதென்டிகோடு’ என்ற கையொப்ப முறை.

அதன் வேர் 1976இல் இருக்கிறது. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அவ்வாண்டு ஒரு புதிய எண்ணத்தை வெளியிட்டார்கள். பூட்டுக்கு ஒரே சாவி என்பதை விட்டு, இணையான இரண்டு சாவிகளை வைத்துக்கொள்வது: ஒன்று உரியவரிடம் மறைவாக இருக்கும், மற்றது ஊரறிய இருக்கும். மறுவருடம் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் பெரிய பகா எண்களைக் கொண்டு அதைச் செயலாக்கிக் காட்டினார்கள். கையொப்பமிட விரும்புபவர் தம் கோப்பைக் கணக்கால் பிழிந்து ஒரு சிறு எண்ணாக்குகிறார். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். அவ்வெண்ணைத் தம் மறைசாவியால் முத்திரையிடுகிறார். ஊரறிந்த சாவியைக் கொண்டு யாரும் அந்த முத்திரையைச் சரிபார்க்கலாம். அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று மூன்றாவது ஆள் ஒருவர் தரும் உறுதிமொழியே ‘சான்றிதழ்’. அன்று அதை விற்ற நிறுவனங்களில் முதன்மையானது வெரிசைன்.

இம்முறை இரண்டு செய்திகளைத்தான் சொல்கிறது. இதை முத்திரையிட்டவர் இன்னார். முத்திரையிட்டபின் இது மாறவில்லை. அவ்வளவே. நம் இலக்கண நூலார் பாயிரத்தில் சொல்லவேண்டியவற்றை வகுத்தபோது, ஆக்கியோன் பெயரை ஒன்றாகவும் நூலின் பயனை வேறொன்றாகவும் வைத்தார்கள். ஆக்கியவர் பெயர் தெரிந்துவிட்டதாலேயே நூலின் பயன் தெரிந்துவிடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. கணினி உலகில் அந்தத் தெளிவு முதல் நாளிலேயே கலங்கியது. முத்திரை உள்ளது நல்லது, இல்லாதது கெட்டது என்று எண்ணும்படியாகவே எச்சரிக்கைப் பெட்டிகள் அமைந்தன.

இந்தக் கலக்கத்தை அதே ஆண்டிலேயே ஒருவர் அம்பலப்படுத்தினார். அமெரிக்க நிரலாளர் ஃப்ரெட் மெக்லெய்ன், ‘எக்ஸ்ப்ளோடர்’ என்ற சிறு ஆக்டிவ்எக்ஸ் நிரலை எழுதினார். அதைக் கொண்ட பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ் 95 கணினி தானே அணைந்துவிடும். வெரிசைனிடம் முறைப்படி சான்றிதழ் பெற்று அதற்குக் கையொப்பமும் இட்டிருந்தார் என்பதுதான் இதில் சுவையான பகுதி. ஆக்கியோன் பெயர் தெளிவாக இருந்தது. கணினியும் தவறாமல் அணைந்தது. பின்னர் அவருடைய சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது. 1997இன் தொடக்கத்தில் ஹாம்பர்க்கின் கேயாஸ் கம்ப்யூட்டர் க்ளப்பினர், இன்னொரு ஆக்டிவ்எக்ஸ் நிரல் ஒருவரின் கணக்குவழக்கு மென்பொருளில் பணப் பரிமாற்ற உத்தரவு ஒன்றைச் செருகிவிடுவதை ஜெர்மன் தொலைக்காட்சியில் காட்டினார்கள். விஎஸ்டி பிறந்த ஊரிலிருந்தே இந்த எச்சரிக்கையும் வந்தது தற்செயல்தான். என்றாலும் குறித்துக்கொள்ளத் தக்கது.

2001இல் கலக்கம் இன்னும் ஒரு படி சென்றது. மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று பொய் சொல்லிய ஒருவருக்கு, ஜனவரி 29, 30 ஆகிய நாட்களில், மைக்ரோசாஃப்டின் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வெரிசைன் வழங்கிவிட்டது. மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் உலகுக்கு இதை அறிவிக்க நேர்ந்தது. முத்திரை பயனையும் சொல்வதில்லை. சில வேளை பெயரையும் சரியாகச் சொல்வதில்லை.

*

இத்தனை நடந்தும் ஒலிக்கூடத்தினர் பல ஆண்டுகள் இதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்குப் ப்ளக்-இன்னைப் பற்றிய அச்சம் ஒன்றே: நடுப்பதிவில் சரிந்து தாய் மென்பொருளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஒலிக்கூடக் கணினிகள் பலவும் இணையத்தோடு இணைக்கப்படாமலேயே இருந்தன.

அவர்களை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவந்தவர்களில் இசை விற்பவர்களும் உண்டு. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருஸினோவிச் என்ற கணினி ஆய்வாளர், தம் கணினியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த ஒரு மென்பொருளைப் பற்றி எழுதினார். அதைக் கொண்டுவந்தது சோனி பிஎம்ஜி வெளியிட்ட ஓர் இசைக் குறுந்தகடு. நகலெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு வந்த அது, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் பார்வையிலிருந்து மறைத்தது. வேறு தீநிரல்களும் அந்த மறைவிடத்தைப் பயன்படுத்திக்கொண்டன. வழக்குகள் எழுந்தன, குறுந்தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. பாட்டுக் கேட்க வாங்கிய தட்டு, கேட்பவரையே ஐயுற்று அவர் வீட்டுக்குள் காவலாளியை வைத்த கதை இது.

அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா, 2006 நவம்பரில் நிறுவனங்களுக்கும் 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அதன் 64-பிட் பதிப்பில், இயங்குதளத்தின் கருவில் ஓடும் எந்த இயக்கிநிரலுக்கும் கையொப்பம் கட்டாயமாயிற்று. ஒலிக்கூடத்தினர் நம்பியிருந்த ஒலியட்டைகளின் இயக்கிகளும் இதில் அடங்கும். இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கணினியிலிருந்து வழக்கமான வழியில் வெளிவரும் ஒலி ‘ஆடியோடிஜி’ என்ற ஒரு சேவையின் வழியே செல்லும்படி விஸ்டாவில் அமைத்தார்கள். அதற்குள் ‘ஏபிஓ’ எனப்படும் ஒலி திருத்தும் சிறு நிரல்களைச் செருகலாம். இது க்யூபேஸுக்குள் மட்டும் வேலை செய்யும் ப்ளக்-இன் அல்ல. கணினியின் பொதுவான ஒலிக்கான ப்ளக்-இன்.

ஆனால் அந்தச் சேவை காவலிடப்பட்ட சேவை. கையொப்பமில்லாத நிரலை அது ஏற்காது. காரணம் தீநிரல் அச்சம் மட்டுமன்று. உயர்தரத் திரைப்படங்களின் ஒலியை வழியில் யாரும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது படவெளியீட்டாளர்களின் கவலை. அந்தக் கவலைக்காகவே இந்தக் காவல் அமைந்தது. நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 2006 டிசம்பரில் விஸ்டாவின் இவ்வகை ஏற்பாடுகள் அனைத்தையும் கடுமையாக விமர்சித்து எழுதினார். அவர் கூற்றுகள் சிலவற்றை மைக்ரோசாஃப்ட் மறுத்தது. அந்த விவாதத்தின் நுணுக்கங்கள் எப்படியாயினும், ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. 1996இல் வீட்டுக்காரரை அந்நியரிடமிருந்து காக்க வந்த முத்திரை, பத்தே ஆண்டுகளில், பொருளை வீட்டுக்காரரிடமிருந்து காக்கவும் பயன்பட்டது.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? ஒரு காது மந்தமான ஒருவர், தம் கணினியில் வரும் எல்லா ஒலியிலும் மேல்சுரங்களைச் சற்று உயர்த்திக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஈக்வலைசர் ஏபிஓ’ என்ற இலவச மென்பொருள் அதைச் செம்மையாகச் செய்யும். ஆனால் அது இயங்க வேண்டுமானால், ‘காவலிடப்பட்ட ஒலிச்சேவையை முடக்கு’ என்று பொருள்படும் ஒரு மதிப்பை விண்டோஸின் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். கதவை விருந்தாளி ஒருவருக்கு மட்டும் திறந்துவிட இயலவில்லை. பூட்டையே கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது.

*

ஆப்பிள் வந்த வழி வேறு. 2007இல் வெளியான லெப்பர்டு பதிப்பில் நிரல்களுக்குக் கையொப்பமிடும் வசதி வந்தது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின்மேல் ‘தனிமைக் குறி’ ஒன்றை ஒட்டும் வழக்கமும் அதில்தான் தொடங்கியது. 2012 ஜூலையில் மவுன்டன் லயன் பதிப்போடு ‘கேட்கீப்பர்’ என்ற வாயிற்காவலர் வந்தார். ஆப்பிளிடம் ஆண்டுக்கு 99 டாலர் செலுத்திப் பெறும் அடையாளம் இல்லாத நிரலை அவர் தடுத்தார். ஆனாலும் இதுவரை கேட்கப்பட்டது ‘யார்’ என்ற கேள்விதான்.

2018 ஜூனில் ஆப்பிள் ‘நோட்டரைசேஷன்’ என்ற முறையை அறிவித்தபோது கேள்வி மாறியது. கையொப்பமிட்டால் போதாது, கோப்பை ஆப்பிளுக்கு அனுப்பி, அதன் இயந்திரச் சோதனையில் தேறி, ஒரு சீட்டும் பெற வேண்டும். 2019 அக்டோபரில் வந்த கேட்டலீனா பதிப்பில், அவ்வாண்டு ஜூனுக்குப் பிறகு கையொப்பமிடப்பட்டு வெளியில் விநியோகிக்கப்படும் மென்பொருள்களுக்கு இது கட்டாயமாயிற்று. ப்ளக்-இன்களும் விலக்கல்ல. அதே பதிப்பில் 32-பிட் நிரல்கள் அனைத்தும் ஓய்வு பெற்றன. அந்த இலையுதிர்காலத்தில் ஒலி மென்பொருள் நிறுவனங்கள் பலவும், உடனே கேட்டலீனாவுக்கு மாறிவிட வேண்டாம் என்று தம் பயனர்களைக் கேட்டுக்கொண்டன.

இந்த முறைக்குள் ப்ளக்-இன்னின் இயல்பையே தொடும் ஒரு முரண்பாடு உண்டு. நோட்டரைசேஷன் பெற விரும்பும் மென்பொருள் ‘கடினப்படுத்திய இயக்கம்’ என்ற ஒழுங்குக்கு உட்பட வேண்டும். அந்த ஒழுங்கின்படி ஒரு மென்பொருள், ஆப்பிளோ தன் சொந்த நிறுவனமோ கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தனக்குள் ஏற்றிக்கொள்ளலாம். பிறர் எழுதியதை ஏற்பதே தொழிலாக உள்ள ஒலி மென்பொருளுக்கு இது எப்படிப் பொருந்தும்? எனவே அது, ‘இந்தச் சோதனையிலிருந்து எனக்கு விலக்கு வேண்டும்’ என்று தன் கையொப்பத்திலேயே எழுதிக்கொள்கிறது. உறவினரன்றி வேறெவரும் கூடாது என்ற கட்டுப்பாடுள்ள தெருவில், சத்திரம் நடத்துபவர் மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டுத் தொழில் நடத்துவது போன்றது இது.

2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறியபோது, அச்செயலிகளுக்கென எழுதப்பட்ட எந்த நிரலும் கையொப்பமின்றி ஓடாது என்றாயிற்று. ஆனால் அதற்கு ஆப்பிளின் அடையாளம் வேண்டியதில்லை; ‘அட் ஹாக்’ எனப்படும் கையொப்பமே போதும். தம் கணினியில் தாமே இட்டுக்கொள்ளும் அதில் யாருடைய பெயரும் இராது. கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். பெயரில்லாத கையொப்பம்! இந்த வரலாற்றில் இதைவிட விசித்திரமான ஒன்றை நான் காணவில்லை. ஆயினும், தானே ஒரு ப்ளக்-இன்னை எழுதித் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு இன்று திறந்திருக்கும் வாசல் இதுதான். இணையத்திலிருந்து இறக்கியதை உள்ளே விடும் வாசலோ குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் திறக்கும் பழைய குறுக்குவழி 2024 செப்டம்பரில் வந்த செக்கோயா பதிப்பில் எடுக்கப்பட்டது. அமைப்புகளுக்குள் சென்றுதான் அனுமதி தர வேண்டும்.

*

இயங்குதளத்தார் மட்டுமன்றித் தாய் மென்பொருளாரும் முத்திரை கேட்கத் தொடங்கினார்கள். 2011இல் ப்ரோ டூல்ஸ் பத்தாம் பதிப்போடு ‘ஏஏஎக்ஸ்’ என்ற புதிய ப்ளக்-இன் இலக்கணம் வந்தது. பேஸ் என்ற நிறுவனத்தின் கருவிகொண்டு கையொப்பமிடப்படாத ஏஏஎக்ஸ் ப்ளக்-இன்னை விற்பனையிலுள்ள ப்ரோ டூல்ஸ் ஏற்காது. எழுதுபவர் சோதித்துப் பார்க்கத் தனிப் பதிப்பு உண்டு. ஆனால் அது எழுதுபவருக்கு, கேட்பவருக்கன்று.

விண்டோஸிலும் நிலைமை இறுகியது. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து, இறக்கிய நிரலின் ‘நற்பெயரை’ எடைபோடும் ஸ்மார்ட்ஸ்கிரீன் இயங்குதளத்தின் பகுதியாயிற்று. பலர் இறக்கியது நல்லது. சிலரே இறக்கியது ஐயத்துக்குரியது. 2023 ஜூன் முதல் கையொப்பத்துக்கான மறைசாவியை வன்பொருளுக்குள்தான் பூட்டிவைக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஒரே ஓர் எதிரொலி ப்ளக்-இன்னை எழுதி எல்லாரிடமும் சேர்க்க விரும்பும் தனிமனிதர், ஆப்பிளுக்கு ஆண்டுக் கட்டணம், விண்டோஸுக்கு விலைகொடுத்து வாங்கும் சான்றிதழ், ப்ரோ டூல்ஸுக்குப் பேஸ் கையொப்பம் என்று மூன்று வாசல்களில் நிற்கவேண்டும். பெருநிறுவனத்துக்கு இது ஓர் எழுத்தரின் வேலை. தனிமனிதருக்கோ, இலவசமாகத் தர நினைத்ததைத் தராமல் விட்டுவிடப் போதுமான காரணம்.

காகிதக் கையொப்பமும் இந்தக் கதையில் உண்டு. விஎஸ்டியின் மூன்றாம் பதிப்பு 2008லேயே வந்துவிட்டது. 2018 அக்டோபரோடு இரண்டாம் பதிப்புக்குப் புதிய உரிமங்கள் தருவதை ஸ்டைன்பெர்க் நிறுத்திக்கொண்டது. அதற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தவர் தொடர்ந்து எழுதலாம். இடாதவர் புதிதாக ஒன்றை வெளியிட முடியாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ப்ளக்-இன்கள் பேசிய ஒரு மொழியைப் புதியவர்கள் கற்கலாம், பேசக் கூடாது என்பதுபோல் ஆயிற்று.

*

காவல் வேண்டாம் என்று வாதிடுவது எளிது, நேர்மையாகாது. ப்ளக்-இன் வழியே வந்த தீமைகள் கற்பனையல்ல. ஈசெட் நிறுவனத்தார் 2019 ஜூனில் ‘லவுட்மைனர்’ என்ற தீநிரலை விவரித்தார்கள். திருட்டுத்தனமாகப் பகிரப்பட்ட விஎஸ்டி மென்பொருள்களோடு அது கட்டித் தரப்பட்டது. ஒரே இணையதளத்தில் 137 மென்பொருள்கள்: 95 மேக்குக்கு, 42 விண்டோஸுக்கு. நிறுவியவரின் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டி அது மொனேரோ என்ற மறைநாணயத்தை ஈட்டியது. இசைக்காரர்களை ஏன் தேர்ந்தெடுத்தான் திருடன்? அவர்களுடைய கணினிகள் வலுவானவை. எப்போதும் மூச்சுவாங்க உழைப்பவை. கூடுதலாகச் சிறிது மூச்சுவாங்கினால் யாரும் ஐயப்படமாட்டார்கள். தொழிலின் இயல்பை அறிந்த திருட்டு. 2020 ஜூனில் ஏபிள்டன் லைவ் போன்ற இசை மென்பொருள்களின் திருட்டுப் பதிப்புகளோடு மேக் கணினிகளில் பரவிய ‘ஈவில்க்வெஸ்ட்’ தீநிரலை முதலில் கண்டு சொன்னது, சென்னையிலிருந்து இயங்கும் கே7 நிறுவனத்தின் ஆய்வாளர்.

இவற்றுக்கு எதிராக முத்திரை உதவுகிறது. மூலவர் கட்டிய பொதியை இடையில் வேறொருவர் பிரித்துக் கட்டியிருக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதன் உண்மையான வலிமை அதுவே. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரு நிறுவனங்களின் சான்றிதழ்களால் முத்திரையிடப்பட்ட இயக்கிகளோடு உலவியது. அவற்றில் ரியல்டெக் ஒலிச் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். 2020 ஆகஸ்டிலோ, ‘ஷ்லேயர்’ என்ற தீநிரலுக்கு ஆப்பிளின் நோட்டரைசேஷன் சோதனையே சீட்டு வழங்கியிருந்தது தெரியவந்தது. வாயிற்காவலர் சோதித்து, சரியென்று சொல்லி, உள்ளே அனுப்பியிருக்கிறார்.

காவலுக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 2020 நவம்பர் 12 அன்று, சான்றிதழ்கள் ரத்தாகிவிட்டனவா என்று சரிபார்க்கும் ஆப்பிளின் வழங்கி தடுமாறியது. உலகெங்கும் மேக் கணினிகளில் மென்பொருள்கள் திறக்கவே நெடுநேரம் பிடித்தது. அவற்றுள் ஏதும் கெட்டுப்போகவில்லை. கேட்டு வரப் போன ஆள் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விலை மெல்ல வசூலாவது. 2003இல் ஒருவர் பதிவுசெய்த பாடலின் கோப்பு இன்றும் திறக்கலாம். ஆனால் அதில் குரலைச் சூழ்ந்திருந்த எதிரொலி, எங்கோ ஒரு தனிமனிதர் எழுதி இலவசமாகத் தந்த 32-பிட் ப்ளக்-இன்னிலிருந்து வந்தது. அவர் இத்துறையை விட்டுப் போய்விட்டார். மூலநிரலும் கிடைக்கவில்லை. புதிய செயலிக்கு அதை மாற்றியெழுத ஆளில்லை. எழுதினாலும் அவர் பெயரில் முத்திரையிட ஆளில்லை. பாடகரின் குரல் இருக்கும்; அது ஒலித்த மண்டபம் இடிந்திருக்கும். ஏடு இருந்தும் எழுத்து வாசிக்க முடியாமற்போன கதைகளை அறிந்த நமக்கு இதன் கனம் புரியும். இதில் கையொப்ப விதியின் பங்கு ஒரு பகுதியே. செயலி மாற்றத்தின் பங்கே பெரிது. எனினும், இறந்தவர் இட முடியாத ஒன்றை நுழைவுச்சீட்டாக வைக்கும்போது, வாழ்பவரின் படைப்புக்கு மட்டுமே இடமுண்டு என்று சொல்லாமல் சொல்கிறோம்.

*

வேறு விதமாகவும் செய்திருக்க முடியுமா? லினக்ஸ் உலகம் ஒரு விடை. 2000இல் வந்த ‘லாட்ஸ்பா’, 2008இல் அதன் வழித்தோன்றலாக வந்த ‘எல்வி2’ ஆகிய ப்ளக்-இன் இலக்கணங்களில் கட்டாயக் கையொப்பம் இல்லை. தீநிரலைப் பற்றி அறியாதவர்கள் அல்லர் அவர்கள். அங்கே மென்பொருளைத் திரட்டித் தரும் டெபியன் போன்ற களஞ்சியத்தார், தாங்கள் தருவது இடையில் மாறவில்லை என்பதற்குத் தாங்களே முத்திரையிடுகிறார்கள். அதற்கு வெளியே ஒருவர் தாமே எழுதியதையோ நண்பர் தந்ததையோ தம் கோப்புறையில் இட்டுக்கொள்வது அவர் பொறுப்பு. அதைக் கேட்க ஆளில்லை. அந்தச் சுதந்திரத்தோடு, தவறினால் தாமே தாங்க வேண்டிய சுமையும் வருகிறது. எல்லாரும் அச்சுமையை ஏற்க விரும்பமாட்டார்கள் என்பதும் உண்மை.

இலக்கணங்களின் பக்கம் காற்று சற்றே திரும்பியிருக்கிறது. 2022 ஜூனில் பிட்விக், யு-ஹி என்ற இரு ஜெர்மன் நிறுவனங்கள் ‘க்ளாப்’ என்ற புதிய ப்ளக்-இன் இலக்கணத்தை யாரும் கையொப்பமிடத் தேவையில்லாத திறந்த உரிமத்தில் வெளியிட்டன. 2025 அக்டோபரில் ஸ்டைன்பெர்க்கும் விஎஸ்டி மூன்றாம் பதிப்பை அதே ‘எம்ஐடி’ உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. காகிதத்தில் கேட்ட கையெழுத்து போயிற்று. இயங்குதளங்கள் கேட்கும் கையொப்பம் இருக்கிறது.

முப்பது ஆண்டுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்ய நேர்ந்திருப்பது தெரிகிறது. இதை ஆக்கியவர் யார் என்பது முதல் வேலை. கையொப்பம் அதற்காகவே பிறந்தது, அதைப் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது. இது நல்லதா என்பது இரண்டாவது. அதற்குக் கையொப்பம் ஒருபோதும் தகுதியுடையதாக இருந்ததில்லை என்பதை மெக்லெய்ன் 1996இலேயே காட்டிவிட்டார். இதை உள்ளே விடலாமா என்பது மூன்றாவது. இது வீட்டுக்காரர் விடைசொல்ல வேண்டிய கேள்வி. அறிவுரை சொல்லவும் எச்சரிக்கவும் காவலருக்கு உரிமை உண்டு. பல வேளைகளில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் அறிவுரை, உத்தரவாக மாறும் இடத்தை நாம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பெயரில்லாத அந்த அட் ஹாக் கையொப்பமும், அமைப்புகளின் அடியில் ஒளிந்திருக்கும் அந்த அனுமதிப் பொத்தானும் அளவில் சிறியவைதான். ஒருவர் தம் செவிக்கேற்பத் தம் ஒலியைத் திருத்திக்கொள்ள, யாருடைய இசைவும் தேவையில்லாத இடம் இன்னும் எஞ்சியிருப்பது அவற்றில்தான்.